பதினோராம் பருவம்: கைப்பிள்ளைப் புறப்பாடு குறித்து ஒரு முன்னாய்வு

பிள்ளைத்தமிழுக்குப் பருவம் பத்து. காப்பில் தொடங்கி, ஆண்பிள்ளைக்குச் சிறுதேரிலும் பெண்பிள்ளைக்கு ஊசலிலும் முடியும். மூன்றாம் மாதம் முதல் இருபத்தொன்றாம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களாக இவற்றுக்குக் கணக்கும் உண்டு. ஒட்டக்கூத்தர் குலோத்துங்கனுக்குப் பாடினார். அவருக்கும் முன்னால் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரியாழ்வார் கண்ணனைத் தொட்டிலில் போட்டார், தளர்நடை நடக்கவிட்டார், காது குத்தினார், குளிப்பாட்டினார், பூச்சூட்டினார். ஆனால் அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறி, ஒரு எட்டு கடைவீதிக்குப் போய்வருவதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

காரணம் எளிது. பெரியாழ்வாருக்குப் பிள்ளை நந்தவனத்துத் துளசியடியிலேயே கிடைத்தது. எங்கும் தூக்கிப் போக வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண், ஆண்டாள், வளர்ந்து போன பெரிய பயணம் திருவரங்கத்துக்கு. அதுவும் பல்லக்கில், திரும்பி வராத பயணம் என்கிறது குருபரம்பரை. ஆகவே விடுபட்ட பருவத்தை நிரப்பும் பொறுப்பு இந்த ஆய்வாளன் தலையில் விழுந்தது. கோயில் வழக்கிலிருந்து சொல்லெடுத்து இதற்குப் ‘புறப்பாட்டுப் பருவம்’ என்று பெயரிடுகிறேன்.

ஆய்வுக்களம் வன்னியம்பட்டி. மாதிரிகள் இரண்டு: மூன்று வயது மூத்தவன், பதினோரு மாதத்து இளையவன். மாதிரிகளின் தேர்வுமுறை பற்றிய ஐயங்களை என் மாமியாரிடம் கேட்டுக்கொள்ளலாம். எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம் ராஜபாளையம், ஒரு பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், இரண்டும் பக்கம்தான். பெரியவர்கள் மட்டும் போனால் கண்டக்டரிடம் மீதிச் சில்லறை வாங்குவதற்குள் ஊர் வந்துவிடும். பிள்ளைகளோடு என்றால் காலையில் முடிவெடுத்து, சாயங்காலம் வாசற்படி தாண்டலாம்.

உற்சவர் புறப்பாட்டுக்குக் குடை, சாமரம், ஆலவட்டம், தீவட்டி. பிள்ளைப் புறப்பாட்டுக்குத் துண்டு மூன்று, டயப்பர் நாலு, அது தீர்ந்தால் கிழிந்த வேட்டித் துணி, வெந்நீர் பிளாஸ்க், பால் புட்டி, கிலுகிலுப்பை, மை டப்பா, யாரோ வாங்கிக் கொடுத்து ஒரு தடவைகூடப் போடாத தொப்பி. ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டி வெளிநாடுகளுக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிறது. மூத்தவன் முழங்காலைச் சிராய்த்துக்கொள்ளும் அன்றைக்கு எங்கள் பையில் இல்லாத ஒரே பொருள் அதுதான். வீட்டுத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். இளையவன் ஒன்பது கிலோ, பை பதினொன்று. உற்சவரைவிட வாகனம் கனம். இத்தனையும் திணித்து ஜிப்பை இழுத்து மூடும் சத்தத்துக்கும் இளையவனின் வயிற்றுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. ஐந்து முறை சோதித்தேன். ஐந்து முறையும் பையைத் திறக்க வேண்டி வந்தது.

வாகனம் பற்றிச் சுருக்கமாக. நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை பைக்கில் ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை கட்ட வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது என்று 2022-ல் ஒன்றிய அரசு விதி செய்தது. அப்பாவின் மொபெட் நாற்பதைத் தொட்டு வருஷமாகிறது. ஆகவே விதியின் பின்பாதியை, விதி வருமுன்னரே அனுசரித்து வந்த குடும்பம் எங்களுடையது. முன்பாதியை நினைத்துத்தான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ். பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணம் இல்லை. ஐந்து வயது வரை பிள்ளைகளுக்கும் 2022 முதல் இல்லை. நாலு பேரில் காசு கொடுத்தவன் நான் ஒருவன்தான். கண்டக்டர் என்னைப் பார்த்தார், காலடியில் கிடந்ததைப் பார்த்தார். “லக்கேஜ் யாருது?” என்றார்.

தாலப் பருவம் பஸ்ஸுக்குள் நிகழும். வழியெல்லாம் விழித்திருந்த பிள்ளை, இறங்க வேண்டிய இடத்துக்கு ஒரு ஸ்டாப் முன்னால் உறங்கும். இதில் மேலும் ஆராய ஒன்றுமில்லை.

வருகைப் பருவம்தான் சிக்கலானது. புலவர்கள் பிள்ளையை ‘வருக’ என்று அழைக்கப் பத்துப் பாட்டு ஒதுக்கினார்கள். போதாது. ஆண்டாள் கோயில் ராஜகோபுரம் பதினோரு நிலை, 192 அடி. அதன் எதிரே மூத்தவன் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் பார்வையில் பட்டது யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்த ஓர் ஆடு.

இங்கே அம்புலிப் பருவத்தின் உதவி தேவைப்பட்டது. நிலாவை விளையாட அழைக்கச் சாமம், பேதம், தானம், தண்டம் என்று நாலு வழி சொல்வார்கள். என் மனைவி பாட்டியல் படித்தவள் அல்ல. வரிசை மட்டும் பிசகவில்லை.

“ராசால்ல, எந்திரிங்க சாமி.”

ஆடு தோலைத் திருப்பிப் போட்டது.

“தம்பி எவ்வளவு சமத்தா வாரான் பாரு.” தம்பி தோளில் உறங்கிக்கொண்டிருந்தான்.

“உள்ள போயிட்டு வந்து பால்கோவா வாங்கித் தாரேன்.” 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம், அதற்கும் அவன் அசையவில்லை.

“போலீஸ் மாமாட்ட பிடிச்சுக் குடுத்துருவேன்.” இந்த நாலாம் உபாயம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளிடம் எடுபடாது. வன்னியம்பட்டியிலேயே காவல் நிலையம் இருக்கிறது. போலீஸ் மாமா டீ குடிப்பதைத் தினமும் பார்க்கிறான்.

கடைசியில் ஆடு எழுந்து வேறு பக்கம் போனது. அவனும் எழுந்தான், ஆட்டின் பின்னால். தரிசனம் அத்தோடு முடிந்தது. பால்கோவா வாங்கினோம். பிறகு ஓட்டலில் எவர்சில்வர் டம்ளரை மேஜையில் தட்டிச் சிறுபறைப் பருவத்தை அவனாகவே முடித்துவைத்தான்.

பஸ் நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகள் 2015 ஆகஸ்டில் தொடங்கப்பட்டன. உள்ளே நடப்பது ஆய்வாளன் எல்லைக்கு வெளியே. கதவுக்கு வெளியே நடப்பதை மட்டும் பதிவு செய்கிறேன்: ஆளுக்கொரு பையோடு மூன்று அப்பாக்கள். ஒருவர் தன் பையை இறக்கிவைத்துவிட்டு என்னுடையதைத் தூக்கிப் பார்த்தார். “ரெண்டாவது பிள்ளையா?” என்றார். ஆமென்றேன். “மூணாவதுக்கு ஒரு சாக்குதாண்ணே. எடுத்து வையுங்க.”

வீடு திரும்பிக் கணக்கெடுத்தபோது இளையவனின் ஒரு செருப்பைக் காணோம். நடக்கவே பழகாத பிள்ளை அவன். காலில் மாட்டுவதே ‘பார்க்க லட்சணமா இருக்கட்டும்’ என்பதற்காக. வலது கால் போயிருந்தது. மிதித்தால் கீச்சென்று கத்துகிற ரகம். மறுநாள் காலை பஸ் ஸ்டாப்பில் போய்ப் பார்த்தேன். வழியில் கிடக்கும் குட்டிச் செருப்பை யாரும் தூர எறிவதில்லை. எடுத்து ஏதாவது திண்டுமேல் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கேயும் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. நீலம். கையில் எடுத்து அமுக்கினேன், கத்தவில்லை. அதுவும் இடது கால். வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.