ஜீப்புக்காரர்

ஜீப் வைத்திருப்பவர் எல்லாரும் ஜீப்புக்காரர் ஆகிவிட முடியாது. ஷோரூமில் புது வண்டி எடுத்து, கண்ணாடியை ஏற்றி ஏசியைப் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை டிபன் சாப்பிடப் போகிறவர் வெறும் வாடிக்கையாளர். கோயம்புத்தூரின் அசல் ஜீப்புக்காரர் வேறு ரகம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். சட்டை இஸ்திரி போட்டிருக்கும். நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும். கல்யாண வீட்டில் மொய் எழுதிவிட்டுப் பந்திக்குப் போகமாட்டார். வெளியே நிற்கும் யாரோ ஒருவரின் பழைய ஜீப்புக்கு அடியில் தலையை விட்டு, "ஃப்ரண்டு கிரவுன் ஒழுகுதே" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பார்.

அவருடைய வண்டி 1989 மாடல் மஹிந்திரா எம்.எம். 540. அதன் குலம் கோத்திரத்தைக் கேட்காமலேயே சொல்வார். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்துக்குச் செய்த வில்லிஸ் ஜீப், போர் முடிந்ததும் மஹிந்திரா மூலமாக இந்தியாவுக்கு வந்தது, அந்த வம்சம். உள்ளே இருப்பது பிரான்ஸ் நாட்டு பீஜோ டீசல் என்ஜின், 2112 சி.சி., 62 குதிரைத்திறன். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மும். மாமனாரின் பூர்வீகம் எந்த ஊர் என்று கேட்டால் யோசிப்பார்.

வண்டி வந்த புதிதில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

வினை டயரில் ஆரம்பித்தது. 6.00-16 அளவு டயர் மெலிசாக இருக்கிறது என்று 31 அங்குல டயர் போட்டார். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசியது. உரசாமலிருக்க ஸ்பிரிங் பிளேட்டு சேர்த்து வண்டியை இரண்டு அங்குலம் தூக்கினார். வண்டி உயர்ந்ததும் புரப்பல்லர் ஷாஃப்ட் சாய்ந்து நின்றது, அதன் மூட்டிலிருக்கும் கிராஸ் போய்விட்டது. கிராஸ் மாற்றினார். அகல டயரைத் திருப்பத் தோள்பட்டை கழன்றது. லேத் பட்டறையில் பிராக்கெட் அடித்துப் பவர் ஸ்டீயரிங் பொருத்தினார். பெரிய டயர் நிற்க மறுத்தது. முன்னால் டிஸ்க் பிரேக் வந்தது. பெரிய டயர் நகரவும் மறுத்தது. வேறு என்ஜின் இறக்கி, ஆர்.சி. புத்தகத்தில் ஏற்றுவதற்குள் ஒரு மழைக்காலம் போனது. புது என்ஜினின் இழுவையைப் பழைய நாலு கியர் பெட்டி தாங்காது என்று ஐந்து கியர் பெட்டி வந்தது. அது பழையதைவிட நீளம். ஆகவே பின்பக்கத்து ஷாஃப்டை வெட்டிக் குட்டையாக்கினார்கள். குட்டையானதும் சாய்வு இன்னும் கூடியது. கிராஸ் மறுபடி போய்விட்டது.

"இப்பத்தான் வண்டி ஒரு பதத்துக்கு வருது" என்றார்.

பெரிய டயரால் இன்னொரு லாபமும் உண்டு. சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போய்விடுவதால் மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 65-ல் போகும். ஓடிய கிலோமீட்டரும் குறைவாகவே விழும். மைலேஜ் ஏன் இவ்வளவு கம்மி என்று வீட்டில் கேட்டால், "மீட்டர் தப்பா காட்டுதும்மா" என்பார். அவர் சொல்லும் கணக்கில் ஓரளவு உண்மை இருக்கும் இடம் இது ஒன்றுதான். டயர் விலையை அவர் வீட்டில் சொல்லும்போது ஒரு சைபர் வழியிலேயே விழுந்துவிடும்.

அடுத்து, மோட்டார் வைத்துக் கயிற்றால் இழுக்கும் வின்ச். 9,500 பவுண்டு இழுக்கும். அதாவது நாலு டன்னுக்கு மேல். ஜீப்பின் எடை அதில் பாதிகூட இல்லை. வின்ச்சையும் அதைத் தாங்கும் இரும்புப் பம்பரையும் மூக்கில் மாட்டியதும், முன்பக்கம் தூக்கிய இரண்டு அங்குலத்தில் ஒன்று திரும்பக் கீழே வந்துவிட்டது. அதைச் சரிக்கட்ட இன்னொரு பிளேட்டு. வின்ச் குடிக்கும் கரண்டுக்குப் பெரிய பேட்டரி, பெரிய டைனமோ.

பட்டறையில் மெக்கானிக் பாய் இதையெல்லாம் பொறுமையாகச் செய்து கொடுப்பார். ஆனால் உடன்பாடு கிடையாது. "கம்பெனிக்காரன் கிறுக்கனா சார், அந்த சைஸ்ல டயர் குடுக்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். ஜீப்புக்காரர் பதில் சொல்லாமல் டீ சொல்லிவிடுவார். உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளிலும், சென்னை போனால் புதுப்பேட்டையிலும் துழாவி எடுத்துவந்த சாமானைப் பாயின் முன்னால் பரப்புவார். பாய் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, "இது டிராக்டர் சாமான் சார்" என்று தள்ளிவைப்பார். "இருக்கட்டும் பாய், எதுக்காச்சும் ஆகும்." ஆகும். அதற்காக ஏதாவது ஒன்றைக் கழற்ற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

இவருடைய பரம வைரி ஜிப்ஸிக்காரர். 1985 கடைசியில் வந்த மாருதி வண்டி, முதலில் 970 சி.சி. பெட்ரோல். "தண்ணி பட்டா நின்னுரும்" என்பார் இவர். "உங்களுது டீசல் ஏர் வாங்கி நிக்குமே" என்பார் அவர். இரண்டும் நடக்கும். நின்றுபோன ஒரு வண்டிக்கு இரண்டு தலைகள் குனியும்போது பகை தீர்ந்துவிடும். பித்தான் அமுக்கினால் நாலு சக்கரமும் இழுக்கும் புது வண்டி பக்கத்தில் கடந்துபோனால் இருவரும் சேர்ந்து பரிதாபப்படுவார்கள்.

இத்தனை ஏற்பாடும் எங்கே போக? காட்டுக்குள் வனத்துறை விடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை யாரோ ஒரு நண்பரின் தோட்டத்தில் ஜே.சி.பி. வைத்துக் குழி வெட்டி, தண்ணீர் விட்டுச் சேறாக்கி, அதில் இறங்குவார்கள். முதலில் டயர் காற்றை 15, 18 பி.எஸ்.ஐ. வரை இறக்க வேண்டும். டயர் தட்டையாகித் தரையை அகலமாகப் பிடிக்கும். அதைச் சரியாகச் செய்வார். முன்சக்கர ஹப்பைக் கையால் திருகி லாக் பண்ணுவதை மட்டும் மறந்துவிட்டுக் குழிக்குள் போவார். பிறகு முழங்கால் சேற்றில் இறங்கி, சேற்றுக்குள் கைவிட்டுத் துழாவித் திருகுவார். வின்ச் கயிற்றைக் கட்ட மரம் தேடினால், தோட்டக்காரர் தென்னையைத் தொடவிடமாட்டார். கடைசியில் பக்கத்து வயல் டிராக்டர் வந்து இழுக்கும். டிராக்டர்காரர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "ஏனுங், அந்தப் பக்கமே தார் ரோடு இருக்குதுங்களே?" என்பார்.

அந்தச் சேற்றை ஒரு வாரம் கழுவமாட்டார். திங்கட்கிழமை ஆபீஸ் வாசலில், எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரி நிறுத்துவார்.

ஐந்து வருடத்துக்கு ஒரு முறை துக்க காலம் வரும். 15 வருடம் முடிந்த சொந்த வண்டிக்கு அப்புறம் ஐந்தைந்து வருடமாகத்தான் பதிவை நீட்டிப்பார்கள். வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த வடிவத்தை இஷ்டத்துக்கு மாற்றாதே என்கிறது. முன்னால் மாட்டும் இரும்புத் தடுப்புக்கு 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது. ஆகவே வின்ச் இறங்கும், பம்பர் இறங்கும், விளக்குவரிசை இறங்கும், பெரிய டயர் இறங்கிப் பழைய டயர் ஏறும். அந்த நாலு நாள் வண்டி சத்தமில்லாமல், ஆட்டமில்லாமல், கிராஸ் போகாமல் ஓடும். ஜீப்புக்காரர் முகத்தில் களையே இருக்காது. சான்றிதழ் கைக்கு வந்த அன்று சாயங்காலமே பட்டறைக்குப் போய்விடுவார்.

குடும்பத்தோடு மலைக்குப் போவதென்றால் மனைவியின் ஆல்டோதான். வால்பாறை மலைப்பாதையின் 40 கொண்டை ஊசி வளைவையும் அது முணுமுணுக்காமல் ஏறிவிடும். ஒருமுறை கொழுக்குமலை பார்க்கச் சூரியநெல்லியில் ஆல்டோவை விட்டுவிட்டு வாடகை ஜீப்பில் ஏறினார்கள். ஏறத்தாழ 7,900 அடி உயரத் தேயிலைத் தோட்டத்துக்குப் பாறையும் பள்ளமுமான பாதை. மெலிந்த டயர், தூக்காத ஸ்பிரிங், பின்னால் ஒரு கயிறும் ஒரு உதிரி பிளேட்டும். ஆறு பேரை வைத்துக்கொண்டு அந்த ஜீப்பை டிரைவர் ஒற்றைக் கையால் ஏற்றினார். நம்மவர் தாங்கமுடியாமல் தன் வண்டியின் பட்டியலை ஒப்பித்தார். டிரைவர் முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "எங்க வண்டி வேலைக்குப் போவுதுங்க சார். உங்க வண்டி வேலை வைக்குது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. அவருக்கு வேண்டியதே அந்த வேலைதான். மலை ஒரு சாக்கு. வண்டி ஓடுகிற நாளில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாது.

ஒரு நாள் வீட்டில் பேச்சு முற்றி, விற்பதென்று முடிவானது. பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வந்தார். வண்டியை அவர் பார்ப்பதற்கு முன் அவரை இவர் பார்த்தார். எங்கே நிறுத்துவீங்க, யார் மெக்கானிக், கிரீஸ் கன் சொந்தமாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் நல்ல பதிலே வந்ததால், இவரே வண்டியின் குறைகளை ஒவ்வொன்றாகக் காட்டத் தொடங்கினார். வந்தவர் சலிக்காமல் கேட்டுவிட்டு, தன் தோப்பிலும் ஒரு 540 என்ஜின் போய் நிற்பதாகச் சொன்னார். பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன ஜீப்புக்காரர், இருட்டிய பிறகு ஒரு வேனில் கட்டி அதை இழுத்துக்கொண்டு வந்தார்.

"வித்தாச்சுங்களா?" என்றார் மனைவி.

"இனி ஸ்பேருக்குக் கவலையே இல்லம்மா."

ஆல்டோ தெருவுக்குத் தள்ளப்பட்டிருந்தது. "என்ற வண்டி எங்கீங்க நிக்கும்?"

"அது நல்ல வண்டிம்மா. எங்க நின்னாலும் ஸ்டார்ட் ஆயிரும்."