முயலுக்கு மூன்றே கால்

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிப்பவரை நம்மூரில் வீம்புக்காரர் என்போம். வாஷிங்டனில் அவருக்கு உளவுப் பகுப்பாய்வாளர் என்று பெயர், சம்பளமும் உண்டு.

ஈராக் வாங்கப் பார்த்த அலுமினியக் குழாய்கள் அணுகுண்டு வேலைக்குத்தான் என்றது சிஐஏ. யுரேனியம் செறிவூட்டும் மையவிலக்கு எந்திரங்களோடு காலம் தள்ளிய எரிசக்தித் துறை நிபுணர்களோ, ராக்கெட்டுக்காக இருக்கும் என்றார்கள். ஈராக்கின் ஆயுதங்கள் பற்றி 2002 அக்டோபரில் வந்த அமெரிக்க உளவு அறிக்கையில் அவர்களுக்கும் இடம் கிடைத்தது, பந்தியில் வேண்டாத சம்பந்திக்குக் கிடைக்கிற மாதிரி. மறு ஆண்டு அமெரிக்கப் படையே ஈராக்குக்குப் போய்த் தேடியது. மூன்று கால் கிடக்கட்டும், முயலே இல்லை.

பிடித்த முடிவையே பிடித்துக்கொண்டிருக்கும் இந்த மனச்சாய்வைப் போக்க இப்போது செயற்கை நுண்ணறிவு வருகிறது. வரட்டும். எதிர்ச் சான்றுகளை அது சலிக்காமல் தோண்டி எடுக்கும். பதவி உயர்வுக் கவலையும் அதற்கில்லை. ஆனால் அது படித்து வளர்வது அதே பழைய அறிக்கைகளில். போதாததற்கு, கேட்பவர் மனம் குளிரப் பேசும் பழக்கம் இந்த எந்திரங்களுக்கு உண்டென்று செய்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள்.

இத்தனைக்கும் அன்று மாற்றுக் கருத்து கிடைக்காமல் யாரும் தவிக்கவில்லை. அச்சிட்டு, பக்க எண்ணோடு மேசையிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டுகிற விரலுக்கு மென்பொருள் எதுவும் வந்ததாக உளவுத் தகவல் இல்லை.