வெறுங்கால் ஓட்டமும் வீண்பேச்சும்: ஒரு வாரத்து ஆய்வு

பாயிரம் இல்லாமல் நூல் தொடங்குவது நம் மரபில்லை. ஆகவே பாயிரம். ஆய்வுக்குட்பட்டவன் ஐம்பதை நெருங்கும் வங்கி அலுவலன், பெசன்ட் நகர்வாசி, அரை மாரத்தான் எனப்படும் 21.1 கிலோமீட்டரை இரண்டு முறை ஓடி முடித்து, மூன்றாவதற்குப் பணம் கட்டியிருப்பவன். ஆய்வாளனும் அவனே. இருவருக்கும் உறவு சுமுகமாகவே இருந்தது, ஞாயிறு காலை வரை.

ஆய்வுக்களம் எலியட்ஸ் கடற்கரை. தெற்கே கோயில், வடக்கே அடையாற்று முகத்துவாரத்தில் உடைந்த பாலம், நடுவே, 1930இல் பிறரைக் காப்பாற்றப் போய்க் கடலில் மாண்ட டென்மார்க்காரர் ஷ்மிட்டின் நினைவு வளைவு. திணை நெய்தல். நெய்தலுக்குரிய எற்பாடு மாலையா, காலையா என்று அறிஞர்கள் வழக்காடியிருக்கிறார்கள். ஓடுகிறவர்கள் சார்பில் அவ்வழக்கை இங்கே முடித்து வைக்கிறேன்: காலைதான். மாலையில் அங்கே பஜ்ஜி போடுகிறார்கள். அந்த வாசனையைக் கடந்து ஓடும் திடம் இன்னும் எந்தப் பயிற்சி அட்டவணையிலும் வரவில்லை.

வாரம் ஓடாத ஓட்டத்தில் தொடங்குகிறது. திங்கள் ரெஸ்ட் டே. உழைத்த தசை வலுப்பெறுவது ஓய்வில்தான் என்பது துறையோர் அனைவரும் ஒப்புக்கொண்ட முடிபு. ஆய்வுக்குட்பட்டவன் ஒருபோதும் மீறாத விதியும் இது ஒன்றே. செவ்வாய், ஷூ அணிந்து ஆறு கிலோமீட்டர் மெதுவோட்டம். மெதுவோட்டத்துக்கு இலக்கணம், மூச்சிரைக்காமல் பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிவது. பேச யாரும் இல்லை. வழியில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. இந்த மௌனத்தை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க.

புதன், வெறுங்கால்.

இதன் வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா மாரத்தானை வெறுங்காலோடு 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1964இல் டோக்கியோவில் ஷூ போட்டுக்கொண்டு, மூன்று நிமிடம் குறைவாக ஓடி மறுபடியும் வென்றார். வெறுங்கால் கட்சியார் முதல் செய்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். ஷூ கட்சியார் இரண்டாவதிலிருந்து தொடங்குவார்கள். 2009இல் கிறிஸ்டோபர் மெக்டூகல் எழுதிய ‘பார்ன் டு ரன்’ வெறுங்காலர்களின் வேதமாயிற்று. அதில் புகழப்படும் மெக்சிகோவின் தாராஹுமாரா மக்கள் காலில் மெல்லிய செருப்பு உண்டு என்பதை வேதத்தை ஓதுகிறவர்கள் மெல்லிய குரலிலேயே ஓதுவார்கள். 2010இல் ஹார்வர்டின் டேனியல் லீபர்மன் குழு ‘நேச்சர்’ இதழில் எழுதியது: ஷூ அணிந்தோர் பெரும்பாலும் குதிகாலை முதலில் ஊன்றுகிறார்கள், வெறுங்காலில் ஓடிப் பழகியோர் பெரும்பாலும் முன்பாதத்தை ஊன்றுகிறார்கள், அதனால் தரை தரும் அதிர்ச்சி குறைகிறது. பிறகு வெறுங்காலையும் விலைக்கு விற்றார்கள். விரலுக்கு ஓர் உறையாக ஷூ செய்த விப்ரம் நிறுவனம், உடல்நலம் பற்றிச் சொன்ன பெருமைகளுக்காக வழக்கில் சிக்கி, 2014இல் 37.5 லட்சம் டாலர் தந்து சமரசம் செய்துகொண்டது.

இத்தனை கல்வியோடு ஆய்வுக்குட்பட்டவன் வீட்டுப்படி இறங்கினான். தூரம் இரண்டு கிலோமீட்டர்தான்.

தினமும் “குட் மார்னிங் சார்” சொல்லும் காவலாளி எழுந்திருக்கவில்லை. “என்ன சார், செருப்பு அறுந்துபோச்சா?” என்றார். பால் பாக்கெட் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி, “வேண்டுதலா சார்? மாதா கோயிலுக்கா?” என்றார். இது அறிவுடைய கேள்வி. ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணி மாதாவுக்குக் கொடியேறினால் அந்தத் தெருக்களில் காவி உடுத்த வெறுங்கால்கள்தான் நிறைந்திருக்கும். அவற்றைப் பார்த்து யாரும் லீபர்மனை நினைப்பதில்லை. ஓட்டக் குழு நண்பர் ஒருவர் தன் பயிற்சியை நிறுத்தி, பாதத்தில் 26 எலும்புகள் இருப்பதை எண்ணிக் காட்டினார். கடைசிக் கேள்வி வீட்டு வாசலில் காத்திருந்தது.

“உங்க தாத்தா செருப்பு வாங்க வழியில்லாம பள்ளிக்கூடத்துக்கு அஞ்சு மைல் நடந்தார்டா. நீ எட்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி அலமாரில வெச்சுட்டு இப்படி ஓடிட்டு வர்றே” என்றாள் அம்மா. இதை மறுக்க ‘நேச்சர்’ கட்டுரையில் இடம் எதுவும் இல்லை.

ஆறு கிலோமீட்டர் ஷூ ஓட்டத்துக்குப் பேச்சு சூனியம். இரண்டு கிலோமீட்டர் வெறுங்காலுக்கு நாற்பது நிமிடம். கிலோமீட்டருக்கு இருபது நிமிடப் பேச்சு என்பதே இவ்வாய்வின் தலையாய கண்டுபிடிப்பு. இதில் பாதி, அலுவலக கேன்டீனில் ஆய்வுக்குட்பட்டவனே உள்ளங்காலைத் தூக்கிக் காட்டிப் பேசியது என்பதை நேர்மை கருதிக் குறிக்கிறேன்.

வியாழன் கெண்டைக்காலின் நாள். குதிகால் செய்த வேலையை அதுவும் குதிநாணும் சேர்ந்து ஏற்றதால், ஆய்வுக்குட்பட்டவன் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்கினான். கொஞ்சம் கொஞ்சமாகப் பழக வேண்டும் என்று எல்லா நூல்களும் சொல்கின்றன. அந்தப் பக்கத்தை எல்லோரும் வியாழக்கிழமைதான் படிக்கிறோம். வெள்ளி விடுபட்டது. சனி கல்யாண விருந்து. பதிவேட்டில் ‘கார்போ லோடிங்’ என்றிருக்கிறது.

ஞாயிறு, ஷூவோடு பதினாறு கிலோமீட்டர். பதினைந்தாவதில் கடலோரக் கோயிலை எட்டியதும், ஈரமணலில் கடைசிக் கிலோமீட்டரை வெறுங்காலில் முடிக்கலாம் என்று ஆய்வாளனுக்குத் தோன்றியது. செருப்பு விடும் இடத்தில் ஷூவைக் கொடுத்து டோக்கன் வாங்கினான். கால் லேசாக இருந்தது, அலை குளிர்ந்தது, ஓட்டம் உன்னதம். திரும்பி வந்தபோது டிரவுசர் பையில் டோக்கன் இல்லை.

“டோக்கன் இல்லாம தர முடியாது தம்பி. நடை சாத்தினப்புறம் வாங்க. எல்லாரும் எடுத்தது போக மிச்சம் இருந்தா அது உங்களுது” என்றார் அங்கிருந்த அம்மா. நீதிமன்றம்கூட இவ்வளவு தெளிவாகத் தீர்ப்பு எழுதாது.

வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். எட்டரை மணித் தார்ச்சாலை. விரும்பாமல் வெறுங்காலில் கடந்த தூரத்தைப் புதன்கிழமைக் கணக்கோடு சேர்க்கலாம் என்பது ஆய்வாளன் துணிபு. கூடவே கூடாது என்பது ஆய்வுக்குட்பட்டவன் கட்சி. வாசலில் காவலாளி நிமிர்ந்து பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, “வேண்டுதல்” என்றேன்.