‘ஏமீ காது’ ஆசாமி

சித்தூரில் வேலூர் சாலையோரமாக, புளியமர நிழலையே கூரையாகவும், செத்துப்போன பாட்டரி ஒன்றையே ஆசனமாகவும் கொண்டு, பல்லால் உரித்த வயர் நுனியை வெற்றிலைக் காம்பு மாதிரி வாயோரத்தில் அதக்கியபடி வீற்றிருக்கும் அந்த மனிதருக்குத் தாய் தகப்பன் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். ஆனால் பாட்டுப் பெட்டி, காமிரா, ராகம் பாடும் ஹாரன், சுவாமி படத்தைச் சுற்றி ஓடும் சீரியல் விளக்கு ஆகிய ஆபரணங்களைத் தங்கள் காருக்குப் பூட்டிக்கொள்ள அவரிடம் போகிறவர்கள் எந்தச் சந்தேகத்தைக் கேட்டாலும், அவர் ‘ஏமீ காது சார்’ என்ற ஒரே பதிலைச் சொல்லிவந்தபடியால், அதுவே அவருக்கு நாமகரணமாகிவிட்டது. ‘ஒன்றும் ஆகாது’ என்று தெலுங்கில் அர்த்தம். தமிழர்கள் அதை வேறு விதமாக அர்த்தம் பண்ணிக்கொண்டாலும் பாதகமில்லை. பிறர் சொல்வதைக் கேட்கும் காது அவருக்குக் கிடையாது என்பதும் வாஸ்தவமே.

பானெட்டைத் தூக்கியவுடன் அவர் செய்யும் முதற்காரியம் பூர்விகர் நிந்தை. நாக்கைச் சப்புக்கொட்டி, ‘எவன் சார் பண்ணான் இந்த வேலையை?’ என்பார். தமக்கு முன் அந்தக் காரில் கைவைத்த சகல எலெக்ட்ரீஷியன்களும் மகாபாவிகள் என்று ஸ்தாபித்த பிறகே ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார்.

பாட்டுப் பெட்டியின் பின்னால் மஞ்சள் வயர் ஒன்றும் சிவப்பு வயர் ஒன்றும் தொங்கும். மஞ்சள் எப்போதும் பாட்டரியோடு உறவு கொண்டிருக்க வேண்டியது. சிவப்போ சாவி திருப்பினால் மட்டும் உயிர் பெறவேண்டியது. நம்மவர் இரண்டையும் சேர்த்து முறுக்கி டேப்பைச் சுற்றிவிடுவார். ஏன் என்று கேட்டதற்கு, ‘மஞ்சளும் குங்குமமும் சேர்ந்தா மங்களம் சார்’ என்றார். அந்த மங்களத்தின் பலனாக, சாவியை எடுத்த பின்னும் பெட்டி உறங்காமல் பாட்டரியைச் சிறுகச் சிறுக உறிஞ்சிவிட, மறுநாள் காலையில் நானும் பால்காரரும் காரைத் தள்ளினோம்.

ஆனால் இதெல்லாம் சில்லறை விஷயம். அவருடைய வாழ்நாள் விரோதி ஃபியூஸ். ஃபியூஸ் போவது தம் வேலைக்கு ஒருவர் எழுதிப்போடும் மொட்டைக் கடிதம் என்பது அவர் அபிப்பிராயம். ‘நல்லா பண்ண வேலைக்கு அது எதுக்கு சார்? அடிக்கடி போனா என் பேர்தான் கெடும்’ என்பார். தப்பித் தவறி ஒன்று இருந்து அது போய்விட்டாலோ, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுருட்டி அந்த இடத்தில் செருகி, பிணத்துக்கு உயிர் கொடுத்த சித்தரைப்போல நிமிர்ந்து பார்ப்பார். ஃபியூஸ் காப்பது பெட்டியை அல்ல, வயரை. ஆகையால் அது பாட்டரிக்கு எவ்வளவு சமீபத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்று நான் உபந்யாசம் செய்து பார்த்தேன். 12 வோல்ட்தானே, தொட்டால் எறும்பு கடித்த மாதிரிகூட இராது என்று, பாட்டரியின் இரு முனைகளையும் இரு கைகளாலும் பிடித்துக் காட்டினார். வோல்ட் சாதுதான், ஆனால் என்ஜினைக் கிளப்பும் அந்த க்ஷணத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் அனாயாசமாக அள்ளிக் கொடுக்கும் அதே பாட்டரி, தறிகெட்ட மெல்லிய வயர் ஒன்றுக்கும் பாரபட்சமின்றி அப்படியே கொடுக்கும் என்பதும், அப்போது அந்த வயர் அடுப்புக் கம்பியாகிவிடும் என்பதும் அவர் சித்தாந்தத்தில் சேரவில்லை. திருப்பதியை அடுத்த கரகம்பாடியிலேயே அமர ராஜா கம்பெனியார் பாட்டரி செய்கிறார்கள் அல்லவா? அதைச் சுட்டி, ‘பாட்டரி நம்ம ஊர்ப் பிள்ளை சார், நம்மளையே எரிக்குமா?’ என்றார். மேலும் வற்புறுத்தினால், பொய்ச் சத்தியம் செய்தவனை விடமாட்டார் என்று ஜில்லாவே அஞ்சும் காணிப்பாக்கம் பிள்ளையார் சன்னிதியில் வேண்டுமானாலும் சத்தியம் செய்யத் தயார் என்பார். அதற்குமேல் வாதாட யாருக்குத் துணிவு வரும்?

ராகம் பாடும் ஹாரனுக்கும் அப்படியே நேராகப் பாட்டரியிலிருந்து வயர் இழுக்கப்பட்டது. என்ஜினுக்கும் நமக்கும் இடையிலுள்ள தகட்டில் அவர் ஆணியால் ஒரு துவாரம் போட்டு, அதன் கூரான விளிம்பில் ரப்பர் வளையம் ஏதுமின்றி வயரை நுழைத்தார். பிறகு திருப்பதி மலையடிவாரத்து அலிபிரியில் காருக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, மலையேறி தரிசனமும் முடித்துக்கொண்டு, 1944-ல் திறந்து இன்று இறங்குவதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும் பழைய மலைப்பாதையில் ராத்திரி வந்துகொண்டிருந்தோம். ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் அந்த வயர் தகட்டு விளிம்பில் ஒரு முறை ரம்பம் போட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். தீய்ந்த வாடை வந்தபோது, இறக்கத்தில் பிரேக் வாடை சகஜம் என்றேன் நான். யாரோ கற்பூரம் ஏற்றுகிறார்கள் என்றாள் என் அத்தை, கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை சுருண்டு வந்து அவள் மடியிலிருந்த லட்டுப் பொட்டலத்தைத் தொட்ட பிறகுதான் இருவர் சாஸ்திரமும் பொய்த்தது. டிரைவர் புத்திசாலி, வண்டியை ஓரங்கட்டி, ஸ்பானரால் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றினார். பாசிட்டிவில் கைவைத்து, ஸ்பானர் பாடியில் பட்டிருந்தால் அங்கேயே தீபாவளி.

மறுவாரம் புளியமரத்தடிக்குப் போனேன். அவர் பானெட்டைத் தூக்கினார். முழ நீளத்துக்கு உரிந்து, கருகி, செம்பு தெரிந்த வயரை இரண்டு விரலால் செத்த பாம்பைத் தூக்குவதுபோல் தூக்கினார். நாக்கு சப்புக்கொட்டியது.

‘எவன் சார் பண்ணான் இந்த வேலையை? ஃபியூஸ் இல்ல, ஓட்டையில ரப்பர் இல்ல!’

‘நீங்கதானய்யா!’ என்றேன்.

சற்று நேரம் டேப் சுற்றின லட்சணத்தை உற்றுப் பார்த்தார். கையெழுத்து அடையாளம் தெரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் சட்டைப்பையைத் துழாவி, பீடித் துணுக்குகளோடு கிடந்த சிவப்பு நிறப் பத்து ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை எடுத்து, ஊதித் துடைத்து, வெயிலுக்கு நேரே பிடித்து, உள்ளே கம்பி அறாமல் இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பரிசோதித்தார்.

‘இதுக்குத் தனி சார்ஜ் சார்’ என்றார்.