ராஜா (ஆப்பிரிக்க வழக்கப்படி)

நம்மூரில் அரை கிரவுண்டு மனை வாங்குவதென்றால் தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று ஒரு கட்டுக் காகிதம் சுமந்தாக வேண்டும். 1861 ஆகஸ்ட் 6 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் லாகோஸ் தீவையும் அதன் துறைமுகத்தையும், அவற்றைச் சேர்ந்த சகல உரிமைகளோடும் வருமானங்களோடும் பிரிட்டிஷ் மகாராணி எழுதி வாங்கினார். மொத்தமே மூன்று ஷரத்து. கீழே அரசர் டோசுன்முவும் அவருடைய பிரதானிகளும் கையெழுத்துக்குப் பதிலாகப் போட்டவை பெருக்கல் குறிகள். குறி போட்டவர் ஒருவர், பெருக்கிக்கொண்டவர் வேறொருவர்.

சாட்சி இல்லாமல் பத்திரம் உண்டா? காயலுக்குள் பீரங்கிகளோடு ஒரு சாட்சி மிதந்துகொண்டிருந்தது. ‘ப்ரொமிதியஸ்’ என்று அந்தப் போர்க்கப்பலுக்குப் பெயர். கிரேக்கக் கதையில் மனிதருக்கு நெருப்பைக் கொண்டுவந்து கொடுத்தவன் அவன். கப்பலின் தளபதி பெடிங்ஃபீல்டும் அதைத்தான் கொடுப்பதாகச் சொன்னார். டோசுன்மு முதலில் மறுத்தார். யோசிக்கச் சில நாள் அவகாசம் கிடைத்தது. கப்பல் அங்கேயே நின்றது. யோசித்தார், குறி போட்டார். உடனே கொடியேற்றம், 21 குண்டு மரியாதை, மிஷன் பள்ளிப் பிள்ளைகளின் வாயால் பிரிட்டிஷ் தேசிய கீதம். பாட்டுப் பாட அன்றைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகள்தான் அகப்பட்டார்கள்.

எதற்காக இத்தனை சிரமம்? பத்திரத்தின் முகப்பிலேயே எழுதியிருக்கிறது: லாகோஸ் மக்களுக்கு உதவவும், அவர்களைக் காக்கவும், அடிமை வியாபாரத்தை ஒழிக்கவும். ‘காக்க’ என்ற அந்த வினைச்சொல்லைக் கொஞ்சம் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த 150 வருஷம் அந்த ஊரில் யார் வீட்டை இடித்தாலும் அந்தச் சொல்தான் முன்னால் நடந்து வந்தது, புல்டோசர் பின்னால் வந்தது.

இரண்டாவது ஷரத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. டோசுன்மு தொடர்ந்து ‘ராஜா’ என்று அழைத்துக்கொள்ளலாமாம், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் வழக்கமாக உள்ள பொருளில் மட்டும். என்ன ஒரு பெருந்தன்மை! நிலம் கிடையாது, துறைமுகச் சுங்கம் கிடையாது, படை கிடையாது. உள்ளூர்க்காரர்கள் சம்மதித்தால் அவர்களுடைய வழக்குகளைத் தீர்க்கலாம். அதற்கும் மேல்முறையீடு உண்டு, பிரிட்டிஷ் சட்டத்திடம். ஆப்பிரிக்காவில் ராஜா என்றால் என்ன பொருள் என்பதை ஆப்பிரிக்க ராஜாவுக்கு, ஆப்பிரிக்காவில் வைத்து, ஒரு கப்பல் தளபதியும் ஒரு தற்காலிகக் கான்சலும் விளக்கிச் சொன்ன அந்தக் காலையை எந்த அகராதியிலாவது பதிவு செய்திருக்க வேண்டும்.

பதவி போனவருக்கு ஓய்வூதியம் உண்டு: வருஷத்துக்கு 1,200 மூட்டை சோழி. ஒரு மூட்டையில் 20,000. நம் வீடுகளில் தாயம் உருட்டுகிற அதே சோழிதான், அன்று அங்கே செலாவணி. ஆக, 2 கோடியே 40 லட்சம் சோழி. தாயம் யாருக்கு விழுந்தது என்று கேட்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு சங்கதி. லாகோஸின் நிலம் ராஜாவுடையதே அல்ல. வெள்ளைத் தொப்பி அணியும் இடேஜோ தலைவர்களின் குடும்பங்களுக்கு உரியது. ராஜாவின் அரண்மனைக்கே இகா இடுங்கன்ரன் என்று பெயர். மிளகுத் தோட்டத்தில் கட்டிய வீடு என்று பொருள். அந்தத் தோட்டமும் ஒரு இடேஜோ குடும்பத்துடையதுதான். குடியிருந்தவரை மிரட்டி வீட்டை எழுதி வாங்கிவிட்டு, வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்து ‘நீ யார்?’ என்று கேட்பதற்குச் சர்வதேசச் சட்டத்தில் அன்று வைத்திருந்த பெயர் உடன்படிக்கை.

அடிமை வியாபாரத்தை ஒழிக்க வந்தவர்களைக் கேலி செய்யலாமா என்று கேட்பீர்கள். அந்த வியாபாரம் கொடுமையானது, லாகோஸ் அதில் கொழுத்த துறைமுகம், அரசர் கொசோகோ அதன் பெரும்புள்ளி. எல்லாம் உண்மை. 1851 டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் கேக் வாசனை போவதற்குள், பிரிட்டிஷ் கப்பற்படை ஊரைச் சுட்டுப் பொசுக்கிக் கொசோகோவை விரட்டி, அகிடோயே என்பவரை அரியணையில் உட்கார வைத்தது. பீரங்கிச் சத்தத்தை வைத்தே ஊரார் அந்தச் சண்டைக்கு அகிடிங்பி என்று பெயரிட்டார்கள். ஆனால் ஒழித்தவர்களின் கணக்குப் புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினால் பாமாயில். லங்காஷயர் இயந்திரத்துக்கு மசகு, சோப்பு, மெழுகுவத்தி, எல்லாவற்றுக்கும் பாமாயில். வியாபாரம் பெருகியதும் லாகோஸுக்கு ‘மேற்கு ஆப்பிரிக்காவின் லிவர்பூல்’ என்று செல்லப்பெயர் வைத்தார்கள். லிவர்பூல், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரிட்டனிலேயே அதிகம் அடிமைக் கப்பல் அனுப்பிய துறைமுகம். வைத்தவர்களுக்குச் சிரிப்பு வந்ததாகத் தெரியவில்லை.

காப்பதாகச் சொல்லி வாங்கியவர்கள் எங்கே உட்கார்ந்து காத்தார்கள்? 1866-இல் லாகோஸை சியரா லியோனின் கீழ் வைத்தார்கள். அதன் தலைநகர் ஃப்ரீடவுன் லாகோஸிலிருந்து 1,500 கிலோமீட்டருக்கும் மேல். 1874-இல் கோல்ட் கோஸ்ட்டின் கீழ். 1886-இல் தனிக் காலனி. 1906-இல் தெற்கு நைஜீரியாவோடு. 1914-இல் வடக்கும் சேர்ந்தது. தாலுகா மாற்றப்பட்ட கிராமத்துக்காரர், எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் மஞ்சள் பையோடு அலைவாரே, அப்படி ஒரு நகரமே அலைந்தது, அதுவும் கடல்வழியாக.

நைஜீரியா என்ற பெயரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1897-இல் லண்டன் டைம்ஸில் ஃப்ளோரா ஷா என்ற பத்திரிகையாளர் அந்தப் பெயரை முன்மொழிந்தார். 1902-இல் காலனி நிர்வாகி லுகார்டை மணந்தார். 1914-இல் லுகார்டு நாட்டை ஒட்டவைத்தார். முதலில் பெயர்சூட்டு விழா, பிறகு கல்யாணம், கடைசியில் பிள்ளைப்பேறு. சூட்டியவர்களுக்கும் பெற்றவர்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது. பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

லுகார்டுக்கு லாகோஸைக் கண்டாலே ஆகாது. தலைநகரைக் கடுனாவுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டார். ஏன் என்றால், லாகோஸ்காரன் கால்சட்டை போட்டான், பத்திரிகை நடத்தினான், வக்கீல் வைத்தான். ஆப்பிரிக்க வழக்கப்படி ஆப்பிரிக்கனாக இருக்கத் தெரியாதவன்! ‘பாதுகாப்பான’ குழாய்த்தண்ணீரைக் கொடுத்து வரி கேட்டால், எங்களுக்குக் கிணறு இருக்கிறது, குழாய் வெள்ளைக்காரருக்குத்தானே, பணம் மட்டும் எங்களுடையதா என்று தெருவில் இறங்கினான்.

கொசுவைப் பற்றியும் அன்றைய நிர்வாகத்துக்கு ஆழ்ந்த அறிவு இருந்தது. நியாயமாகச் சொன்னால், 1899 முதல் ஆளுநராக இருந்த மாக்ரெகர் ஒரு டாக்டர். மலேரியாவைச் சாக்கிட்டு இனத்தைப் பிரிக்காதீர்கள், எல்லோருக்கும் கொய்னா கொடுங்கள், சதுப்பை வடியுங்கள் என்றார். அவர் போனார், அவர் வெட்டிய கால்வாய் நின்றது. அதற்கு அப்பால் இகோயி என்ற ஐரோப்பியக் குடியிருப்பு எழுந்தது. லுகார்டின் 1917-ஆம் ஆண்டு நகரச் சட்டம், வெள்ளையர் பகுதிக்கும் மற்றவர் பகுதிக்கும் நடுவே 440 கஜம் கட்டடமில்லாத வெற்றிடம் விடச் சொன்னது. உள்ளூர்க் கொசு அதற்குமேல் பறக்காது என்று கணக்கு. ஆனால் ராத்திரி சூப் பரிமாறுகிற சமையற்காரன் மட்டும் பங்களாவின் பின்புறம் ‘பாய்ஸ் குவார்ட்டர்ஸில்’ படுத்துக்கொள்ளலாம். எஜமானருக்குத் தேவைப்படுகிறவனை அந்தக் கொசு கடிப்பதில்லை போலும். வெள்ளைக்காரர் போய் அறுபது வருஷத்துக்கு மேலாகிறது. இன்றைக்கும் லாகோஸ் வீட்டு விளம்பரங்களில் ‘பி.க்யூ. வசதியுடன்’ என்று பெருமையாகப் போடுகிறார்கள்.

எதிர்த்து நின்றவர்களைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் ஒப்பாரியாகிவிடும். அபாபாவில் 1913-இல் அரசு நிலம் எடுத்தபோது, உங்களுக்கு அங்கே சொத்துரிமையே கிடையாது என்று இடேஜோ தலைவர் அமோடு டிஜானிக்குச் சொல்லப்பட்டது. அவர் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனார். துணைக்குப் போனவர் நில அளவையாளர் ஹெர்பர்ட் மெக்காலே. 1921-இல் தீர்ப்பு வந்தது: டோசுன்மு எழுதிக் கொடுத்தார் என்பதால் மக்களின் சொத்துரிமை போய்விடாது. இழப்பீடு 22,500 பவுன். பெருக்கல் குறியைப் பெருக்கியவர்களின் ஊரிலேயே வகுத்துக் காட்டிய தீர்ப்பு அது.

அதற்குக் கொடுத்த விலையும் சிறிதல்ல. மெக்காலே லண்டனில் பேசியதை மறுக்கச் சொல்லி லாகோஸ் அரசர் எஷுக்பாயியை நெருக்கினார்கள். அரசுக்குத் திருப்தியாக அவர் மறுக்கவில்லை. உதவித்தொகையை நிறுத்தினார்கள். 1925-இல் ஊரைவிட்டே ஓயோவுக்குக் கடத்தினார்கள். ஆறு வருஷம் வழக்கு நடந்தது. ஒருவருடைய சுதந்திரத்தில் கைவைக்கும் நிர்வாகம் அதன் சட்டபூர்வத்தை நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும் என்று 1931-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. அந்த வருஷம் ஊர் திரும்பினார், அடுத்த வருஷம் இறந்தார். அந்தத் தீர்ப்பைப் பல நாட்டுச் சட்டக் கல்லூரிகள் மேற்கோள் காட்டுகின்றன. லாகோஸில் புல்டோசர் ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் இன்னும் பாடத்திட்டத்தில் வரவில்லை.

ஏனென்றால் இந்த வியாதிக்கு நிறம் கிடையாது. 1955-இல், சுதந்திரம் வாசலுக்கு வந்துவிட்ட நேரத்தில், தலைநகர் அழகாக இருக்க வேண்டும் என்று லாகோஸின் நடுவே 70 ஏக்கரைச் ‘சேரி ஒழிப்பு’ என்று காலி செய்ய ஆரம்பித்தார்கள். கடையும் வீடும் உறவும் ஒரே சந்தில் இருந்தவர்களைப் பெயர்த்து சுருலேரே என்ற இடத்துக்கு அனுப்பினார்கள். அந்த யொருபாப் பெயருக்குப் பொருள், பொறுமைக்குப் பலன் உண்டு. பொறுத்தார் பூமி ஆள்வார் என்று நாம் சொல்வதுதான். பொறுத்தவர்கள் சுருலேரேக்குப் போனார்கள். பூமியை வேறு யாரோ ஆண்டார்கள்.

காக்கிச் சட்டைக்காரர்கள் வந்தபோது துறைமுகத்துக்கும் ஒரு பொற்காலம் வந்தது. 1975-இல் ராணுவ அரசு சுமார் 2 கோடி டன் சிமென்ட்டுக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. லாகோஸ் துறைமுகம் வருஷத்துக்குச் சுமார் 10 லட்சம் டன் சிமென்ட்டைத்தான் இறக்க முடியும். நானூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கடலில் நங்கூரம் போட்டு நின்றன. நின்றதற்கே ஒவ்வொரு நாளும் தாமதக் கட்டணம். ஓட்டைக் கப்பலையும் சிமென்ட் ஏற்றி அனுப்பினால் சும்மா நிற்பதற்கே வாடகை கிடைக்கும் என்று உலகமே கண்டுகொண்டது. காத்திருந்த சிமென்ட் ஈரத்தில் இறுகிக் கல்லாயிற்று. 1851-இல் ஊரைப் பணியவைக்கச் சில கப்பல்கள் போதுமாயிருந்தன. இந்த முறை நாமே காசு கொடுத்து நானூறு கப்பல்களை வரவழைத்து ஊரை முற்றுகையிட்டுக்கொண்டோம் என்று நைஜீரியர்கள் நொந்துகொள்ள முழு நியாயம் உண்டு.

பிறகு தலைநகரே ஊரைவிட்டுப் போயிற்று. 1976-இல் முடிவு, 1991 டிசம்பர் 12-இல் அபுஜாவுக்குக் குடிபெயர்வு. லுகார்டின் ஆசையைச் சுதந்திர அரசு வேறு ஊரில் நிறைவேற்றியது. லாகோஸ் நெரிசலாம், சமாளிக்க முடியாதாம். குப்பையைக் கொட்டியவர்களே மூக்கைப் பொத்திக்கொண்டு வண்டியேறினார்கள்.

போவதற்கு முந்தைய வருஷம் ஒரு வேலையை முடித்திருந்தார்கள். விக்டோரியா தீவை ஒட்டி மரோகோ என்ற குடியிருப்பு, சுமார் 3 லட்சம் பேர். 1990 ஜூலையில் ராணுவ ஆளுநர் ராஜி ரசாகி ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். டோசுன்முவுக்குக் கிடைத்ததும் சில நாள்தானே, மரபு காப்பாற்றப்பட்டது. காரணம்? இடம் தாழ்வானது, கடல் ஏறினால் மூழ்கிவிடுவீர்கள், உங்களைக் காக்கத்தான். ஜூலை 14 அன்று புல்டோசர்கள் இறங்கின. மிகச் சிலருக்கு வேறிடத்தில் முடிக்கப்படாத அடுக்குமாடி கிடைத்தது. மற்றவர்களுக்கு மழைக்காலம் கிடைத்தது. மூழ்கப்போகிற அதே தரையில் மணலைக் கொட்டிப் பணக்காரர் பங்களாக்கள் எழுந்தன. ஏழை நின்றால் மூழ்குகிற பூமி, பணக்காரன் நின்றால் மிதக்கிறது.

இப்போது கடலையே தூர்த்து 10 சதுர கிலோமீட்டரில் ஒரு நகரம் கட்டுகிறார்கள். ஏகோ அட்லாண்டிக் என்று பெயர். ஏகோ என்பதுதான் லாகோஸின் சொந்தப் பெயர். காயலைப் பார்த்துப் போர்ச்சுகீசியர் வைத்த பெயருக்கு முன்பிருந்தே ஊரார் அழைப்பது. ஏகோக்காரன் வாங்க முடியாத விலையில் ஏகோவை விற்கிறார்கள்.

காயலின் இன்னொரு கரையில், லெக்கியில், ஒடோடோ பாமே என்ற மீனவர் குடியிருப்பு இருந்தது. 2016-இல் மாநில அரசு நீர்க்கரைக் குடிசைகளை எல்லாம் அகற்றப்போவதாக அறிவித்தது. காரணம், பாதுகாப்பு, அங்கே குற்றவாளிகள் ஒளிகிறார்களாம். நவம்பரில் நீதிமன்றம் தடை விதித்தது. தடை உத்தரவு வந்த சில நாளிலேயே வீடுகள் எரிந்தன, இடிந்தன. சுமார் 30,000 பேர் வெளியே. தப்பிக்கக் காயலுக்குள் பாய்ந்தவர்களில் சிலர் மூழ்கினார்கள். மிச்சமிருந்ததை 2017 ஏப்ரலில் முடித்தார்கள். அன்று ஒரு இளைஞர் குண்டடிபட்டு இறந்தார்.

2017 ஜூன் 21 அன்று, அந்த வெளியேற்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதமானது என்று லாகோஸ் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடியிருந்தவர்களைக் கலந்து பேசி மறுவாழ்வு கொடுங்கள் என்றது. அவர்கள் குடிமக்கள் என்பதில் நீதிமன்றத்துக்குச் சந்தேகம் இல்லை. நிர்வாகத்துக்கும் இல்லை, அந்தச் சொல்லுக்கு ஆப்பிரிக்காவில் வழக்கமாக உள்ள பொருளில். தீர்ப்பின் நகலை ஒட்டிவைக்க ஒடோடோ பாமேயில் அன்று ஒரு சுவர்கூட இல்லை.