பாட்டு பின்னிணைப்பில்

படித்து முடித்தவன் மறுபடியும் ஒரு வருஷம் படிக்கப் போனால், சங்கரன்கோவிலில் அவனைச் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். எம்.ஏ. என்றால் புரியும். பி.எட். என்றால் பெண் கொடுப்பார்கள். எம்.பில். என்று நான் சொன்னபோது பூ வியாபாரம் பார்க்கிற மாமா, “அது முடிச்சா டாக்டரா?” என்றார்.

“இல்ல மாமா, அதுக்கு இன்னொண்ணு படிக்கணும்.”

“அப்ப இது எதுக்கு?”

“ஆராய்ச்சிக்கு.”

“எதைப் போட்டு ஆராயப் போற?”

“வில்லுப்பாட்டை.”

மாமா அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, கோயில் புற்றுமண்ணை நெற்றியில் பூசிவிடச் சொல்லிவிட்டுப் போனார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு கலையைச் செய்துபார்த்து, அதையே ஆராய்ச்சியாகவும் எழுதிக் கொடுப்பது கடல் தாண்டிய ஊர்களில்தான் பழகிய சங்கதி. ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகங்களில் மூன்று வருஷப் பட்டத்துக்கு மேலே ‘ஆனர்ஸ்’ என்று ஒரு வருஷம் உண்டு. நாடகம் படித்தவர் நாடகம் போடுவார், ஓவியம் படித்தவர் கண்காட்சி வைப்பார். கூடவே, ஏன் இப்படிச் செய்தேன் என்று ஒரு விளக்கமும் எழுதுவார். இரண்டுக்கும் சேர்த்து மார்க். நம்மூரில் அதற்குப் பக்கத்தில் வந்த படிப்பு எம்.பில்.தான். ஒரு வருஷம், ஒரு நெறியாளர், ஒரு ஆய்வேடு. செய்துபார்ப்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும் செய்துபார்த்து ஆராய்வதற்கு எங்கள் ஊரே பழைய சாட்சி. சங்கன், பதுமன் என்று இரண்டு நாகராஜாக்கள். ஒருவர் சிவபக்தர், மற்றவர் திருமால் பக்தர். யார் சாமி பெரிய சாமி என்று தகராறு. இது ஆய்வுச் சிக்கல். கோமதி அம்மன் நூலகத்துக்குப் போகவில்லை. புன்னை வனத்தில் ஒற்றைக்காலில் நின்றாள். இது ஆய்வு முறையியல். பாதி அரன், பாதி அரி என்று சங்கரநாராயணர் காட்சி கொடுத்தார். இது முடிவுரை. அடிக்குறிப்பு கிடையாது, துணைநூற்பட்டியல் கிடையாது. ஆடித்தபசுக்கு வருகிற கூட்டம் வருஷா வருஷம் அந்த முடிவை ஒத்துக்கொண்டு, தேருக்கும் வடம் பிடித்துவிட்டுப் போகிறது.

என் நெறியாளருக்கு அம்மன்மேல் பக்தி உண்டு, முறையியல்மேல் நம்பிக்கை இல்லை. “எழுதப் போறீங்களா, பாடப் போறீங்களா?” என்றார். ரெண்டும் சார் என்றேன். “பாடினா மார்க் போட விதி இல்லையே” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கடைசியில் சமரசம் ஏற்பட்டது. நான் கற்றுக்கொள்ளும் கதைப்பாடலை எழுத்தில் பெயர்த்து ஆய்வேட்டின் கடைசியில் வைக்கலாம். அதாவது பின்னிணைப்பு 2. பின்னிணைப்பு 1 தகவலாளர் பட்டியல்: பெயர், வயது, தொழில், ஊர்.

எனக்குக் கிடைத்த வில்லுப்பாட்டுப் புலவர் கரிசல்காட்டுக்காரர். தொழில் என்ன போட என்று கேட்டதற்கு, “கோயில் கொடை மாசத்துல பாட்டு, மத்த மாசத்துல பருத்தி. எது கட்டத்துக்குள்ள அடங்குதோ அதைப் போடுங்க தம்பி” என்றார். வில், வீசுகோல், உடுக்கை எதையும் தொட விடவில்லை. குடத்துக்குப் பக்கத்தில் உட்காரவைத்து ‘ஆமா’ போடச் சொன்னார்.

கேட்கச் சுலபமாக இருக்கும். புலவர் ஒரு அடி சொல்லி நிறுத்துவார், பின்பாட்டுக்காரன் ‘ஆமா’ என்பான். முந்தினால் அவருக்கு மூச்சுவிட இடமில்லை. பிந்தினால் கதை தொய்ந்துவிடும். பிள்ளை பிறந்த இடத்து ஆமா வேறு, அதே பிள்ளை வெட்டுப்பட்ட இடத்து ஆமா வேறு. எனக்கு வெகுகாலம் எல்லா ஆமாவும் அரசு அலுவலக ஆமாவாகவே வந்தது. இதை வைத்தே ஒரு இயல் எழுதலாமா என்று நெறியாளரிடம் கேட்டேன். “மேற்கோளுக்கு எங்க போவீங்க? விடுங்க” என்றார். “ஆமா சார்” என்றேன். அது அவ்வளவு கச்சிதமாக விழுந்தது. புலவர் கேட்டிருந்தால் அன்றைக்கே வீசுகோலைக் கையில் கொடுத்திருப்பார்.

வில்லுப்பாட்டுக்கும் ஆய்வேட்டுக்கும் உறவு அதிகம். அங்கே காப்பு, இங்கே நன்றியுரை. அங்கே அவையடக்கம், இங்கே ஆய்வு எல்லை. இரண்டிலும் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்பதைப் பணிவாகச் சொல்ல வேண்டும். தேர்வுதான் வேறு. கொடை நடக்கிற இடத்தில் பாட்டு சரியாக ஏறினால் சாமியாடிக்கு அருள் வரும். வராவிட்டால் விடியும்வரை ஊர்க்காரர்கள் புலவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது.

அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் குமரிப் பக்கத்து வில்லுப்பாட்டுகளைக் கேட்டு 1988இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கதைநாயகன் சாகிற கட்டமே பாட்டின் உச்சம், சாமியாட்டமும் அங்கேதான் கூடிவருகிறது என்று அதில் காட்டுகிறார். நல்ல நூல். எங்கள் புலவர் அதைப் படித்ததில்லை. “செத்த எடம் வரும்போது ஆமாவை மெதுவா விடாதீங்க தம்பி, சாமி பாதி வழியில நின்னுரும்” என்றார். பிளாக்பர்ன் என் அடிக்குறிப்பில் இருக்கிறார். புலவர் தகவலாளர் பட்டியலில் இருக்கிறார், தொழில்: விவசாயம்.

ஆராய்ச்சி எப்படி நடக்கிறது என்று எனக்கு உண்மையில் சொல்லித்தந்தவர் டைப்பிங் கடை அண்ணாச்சி. என் கைப்பிரதியைப் புரட்டிவிட்டு, “நாலு இயல்தான் இருக்கு. அஞ்சு வைங்க. அஞ்சுன்னா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க” என்றார். நன்றியுரை அவரிடம் தயாராகவே இருந்தது. பெற்றோர் பெயரையும் நெறியாளர் பெயரையும் மாற்றினால் போதும். போன வருஷம் யாரோ சிலப்பதிகாரத்துக்கு எழுதிய முடிவுரையைக்கூட, ‘சும்மா ஒரு மாதிரிக்கு’ காட்டினார். முடிவு: இவ்வாய்வு மேலாய்வுக்கு வழிவகுக்கும். கறுப்பு ரெக்சின், தங்க எழுத்து, ஓரம் வெட்டிய பைண்டிங். கையில் வாங்கினால் கனமாக இருந்தது. அவரும் கையால் தூக்கிப் பார்த்துத்தான், “பாஸாயிரும்” என்றார்.

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் நல்ல மனிதர். பின்னிணைப்பைப் பார்த்துவிட்டு, “ரெண்டு அடி பாடுங்களேன்” என்றார். நான் தொண்டையைச் செருமுவதற்குள், பக்கத்து அறையில் வகுப்பு நடப்பதாக ஒருவர் நினைவூட்டினார். வாய்மொழிக் கலைக்கு நடந்த வாய்மொழித் தேர்வு அமைதியாக முடிந்தது.

இப்போது எம்.பில்.லே இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் கொண்டுவந்த விதிகளோடு அதற்கு மங்களம் பாடியாயிற்று. தேசியக் கல்விக் கொள்கை சொல்வது நாலு வருஷப் பட்டம். முதல் ஆறு பருவங்களில் 75 சதவீதம் எடுத்தவர்களுக்கு நாலாவது வருஷம் ஆராய்ச்சி. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்கவில்லை. ஏற்றாலும் மறுத்தாலும் அந்த 75 எனக்கு இடிக்கிறது. எழுத்தாளர் இடைசெவல் கி. ராஜநாராயணன் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். புதுவைப் பல்கலைக்கழகம் அவரைக் கூப்பிட்டு நாட்டார் வழக்காற்றியலுக்கு வருகைதரு பேராசிரியர் ஆக்கியது. நா. வானமாமலை பாளையங்கோட்டையில் டுட்டோரியல் நடத்தியவர். 1969இல் ‘ஆராய்ச்சி’ என்று ஒரு பத்திரிகையையே தொடங்கி நடத்தினார். அவர் பதிப்பித்த முத்துப்பட்டன் கதையை மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. அதில் பாட்டு நூலின் நடுவில் இருக்கிறது, பின்னிணைப்பில் இல்லை.

ஆகவே நாலாவது வருஷமோ வேறு எந்தப் பெயரோ, கலைக்கு ஒரு வருஷம் ஒதுக்கப் போகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாட்டை முன்னால் வையுங்கள், ஐந்து இயலையும் பின்னால் வையுங்கள். புறத்தேர்வாளரைக் கல்லூரிக்கு வரவழைக்காமல் கொடைக்குக் கூட்டிப்போங்கள். வில்லுக்கு நேர் எதிரே ஜமுக்காளத்தில் உட்காரவையுங்கள். ஜெனரேட்டர் பக்கம் வேண்டாம், ஒன்றும் கேட்காது.