உருண்டைக்கு அடித்த யோகம்

மாமல்லபுரத்தில் நடந்த பெருவிழாக்களால் ஊர்க்காரனுக்கு நிலைத்த பயன் என்ன என்று கருத்துக் கேட்கிறீர்கள். நிறைய இருக்கிறது ஐயா, எழுதிக்கொள்ளுங்கள்.

2019 அக்டோபர் 11. சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் நம் பிரதமரும் ஐந்து ரதத்தருகே இளநீர் குடித்தார்கள். இரவு கடற்கரைக் கோயிலில் கலாக்ஷேத்ராவின் ஆட்டம். ஊர் அப்படியொரு அழகு! பின்னே, ஊர்க்காரன் கண்ணில் பட்டால்தானே அசிங்கம்? சாலையோரக் கடைகளை அகற்றியாயிற்று. மீனவர்களைக் கடலுக்குப் போகாதே என்றாயிற்று. கிருஷ்ண மண்டபத்தில் பால் கறக்கும் இடையன் மட்டும் தப்பித்தான். கல்லில் இருந்ததால் அவனைக் கிளப்ப முடியவில்லை. மறுநாள் காலை பிரதமர் கடற்கரையில் அரை மணி நேரம் குப்பை பொறுக்கினார், நாடே பார்த்தது. வருஷம் முழுக்கப் பொறுக்குகிறவர்கள் பக்கம் எந்தக் கேமரா திரும்பியது?

ஆனால் நிலைத்த பயன் இல்லை என்று நாக்கூசாமல் சொல்ல மாட்டேன். வெண்ணெய் உருண்டைப் பாறை முன் இரு தலைவர்களும் கைகோத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவரை எவனும் சும்மா போய்ப் பார்த்த பாறை அது. அந்த மாதமே தொல்லியல் துறை கட்டணம் போட்டது: நம்மவருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. ஏழு யானை கட்டி இழுத்தும் அந்தப் பாறை அசையவில்லை என்பார்கள். பாறையை அசைப்பானேன்? சரிவில் சறுக்கி விளையாட வந்தவர்களை நகர்த்த ஒரு டிக்கெட் போதாதா?

2022இல் 44ஆவது செஸ் ஒலிம்பியாட். மாநில அரசு ஒதுக்கியது 92 கோடி ரூபாய். தொடக்க விழா சென்னையில், நிறைவு விழாவும் சென்னையில், ஆட்டம் நட்சத்திர விடுதிக்குள். எங்கள் பங்கு, ஊர்ப் பெயரைக் கொடுத்தது. போட்டியின் சின்னமான வேட்டி கட்டிய குதிரை ஒன்று சுவரெல்லாம் நின்று எங்களைக் கும்பிட்டது. அதிகாரத்தின் பக்கமிருந்து எங்களுக்குக் கிடைத்த மரியாதை அந்தக் குதிரையோடு சரி.

விருந்தோம்பல் பற்றியும் ஒரு கேள்வி இருக்குமே? அன்று சீன அதிபருக்கு அரைத்துவிட்ட சாம்பார், தக்காளி ரசம், அல்வா என்று பட்டியல் பட்டியலாகப் பத்திரிகையில் வந்தது. இரண்டே வருஷம். 2021 அக்டோபரில், அர்ச்சுனன் தபசுக்குக் கூப்பிடு தூரத்தில், தலசயனப் பெருமாள் கோயில் அன்னதானப் பந்தியிலிருந்து பூஞ்சேரி நரிக்குறவர் பெண் ஒருவரை விரட்டினார்கள். அவர் குமுறிய வீடியோ பரவியது. அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். தீபாவளியன்று முதல்வரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டா கொடுத்தார். நல்லது, யாரும் குறை சொல்லவில்லை. ஆக, இந்த ஊரில் ஏழைக்குப் பட்டா வர உலக விழா உதவாது. ஒருத்தி பந்தியில் அவமானப்பட வேண்டும், அதை ஒருவர் செல்போனில் பிடிக்கவும் வேண்டும்.

அடுத்த அதிபர் எப்போது வருகிறார் என்று மட்டும் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிடுங்கள் ஐயா. படகைக் கரையேற்றி, கடையைப் பிரித்து, நாங்களே ஒதுங்கிக்கொள்கிறோம். போலீசுக்கு எதற்கு வீண் சிரமம்?